கட்டுக்காரர் பதில்கள்: மாரிக்கு முந்திய கடிதங்கள்

புரட்டாதி பிறந்ததும் எனக்குக் கடிதம் கூடிவிடும். சித்திரை, வைகாசியில் ஒருவரும் தேடுவதில்லை. முதல் இடி முழங்கியதும் ஊருக்கு ஊர் மண்கட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புதிய வாசகர்களுக்கு ஒரு வரி: கட்டு, வாய்க்கால், மதகு என்று வெயிலிலும் வெள்ளத்திலும் அலைந்து ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தன் நான். ‘கட்டுக்காரர்’ என்பது ஆசிரியர் சூட்டிய பெயர். வீட்டுக்காரிக்கு அது பிடிக்கவில்லை. பெட்டிக்கடைக்காரர் மாதிரி இருக்கிறதாம்.

கே: எங்கள் வயல்வெளிக்கும் குடிமனைக்கும் நடுவில் ஒரு மண்கட்டு இருக்கிறது. ஆறடி உயரம், முந்நூறு அடி நீளம் வரும். வெள்ளம் ஊருக்குள் ஏறாமல் மறிக்க அப்புவின் காலத்தில் கட்டியது. போன மாரியில் வெளிப்பக்க அடியில் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்தது. கட்டு உடையுமா? (சண்டிலிப்பாய் வாசகர்)

ப: கசிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன நிறத்தில் என்று எழுதவில்லையே! வைத்தியரிடம் போய்க் காய்ச்சல் என்று மட்டும் சொல்லி வருகிற மாதிரி இது.

கசியாத மண்கட்டு உலகத்தில் இல்லை. இரணைமடுக் குளத்துக்கட்டும் மண்கட்டுத்தான், அதுவும் வேர்க்கும். வேர்வை தெளிவாக இருக்கும் வரை பயமில்லை. கலங்கி வந்தால் கட்டு தன் வயிற்றிலிருந்து மண்ணைக் கக்குகிறது என்று பொருள். கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மங்கலில் எல்லாத் தண்ணீரும் கலங்கினதாகவே தெரியும். நிறமில்லாத சோடாப் போத்தல் ஒன்றில் பிடித்துத் திண்ணையில் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் விரல் நகத்தளவு மண் படிந்தாலும் அன்றிரவு உங்களுக்கு நித்திரை இல்லை.

மண்கட்டு பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் போகும். ஒன்று, மேலால் வழிந்து போவது. வழிகிற தண்ணீர் வெளிச்சரிவை அரித்து அரித்து முதுகை ஒடிக்கும். மற்றது, உள்ளால் போவது. வெளிப்பக்கத்தில் ஒரு துளை தொடங்கும், கொஞ்சம் மண் போகும், துளை தண்ணீரை நோக்கிப் பின்னால் பின்னால் வளரும். ஒரு முனை குளத்தைத் தொட்டுவிட்டால் பிறகு மணிக்கணக்கு இல்லை, நிமிடக்கணக்குத்தான்.

இதை நான் படித்தது புத்தகத்தில் அல்ல. உத்தியோகத்தில் சேர்ந்து மூன்றாம் வருடம், ஒரு கார்த்திகை இரவு இரண்டு மணி. ஊரின் பெயர் வேண்டாம், பிழை என்னுடையது. வெளியடியில் கைக்கட்டை விரல் பருமனில் ஒரு ஊற்று, தேத்தண்ணி நிறம். நான் புதுசு, காற்சட்டைப் பையில் அளவுநாடாவும் வாயில் கட்டளையுமாக நின்றேன். “களிமண் மூட்டை கொண்டு வாங்கோ, வாயை இறுக்கி அடையுங்கோ” என்றேன். பத்துப் பேர் அடைத்தார்கள். ஊற்று நின்றது. எனக்குப் பெருமை, யாரோ கொண்டுவந்த பிளேன்ரீயை வாங்கிக் குடித்தேன். முக்கால் மணித்தியாலம் கழியவில்லை. அடைத்த இடத்திலிருந்து ஆறடி தள்ளி, மாட்டுவண்டி அளவு மண் சத்தமில்லாமல் சரிந்து இறங்கியது. உள்ளே வந்த தண்ணீருக்கு வாசலை அடைத்துவிட்டேன், அது பக்கத்துச் சுவரை உடைத்துக்கொண்டு போகப் பார்த்தது, அவ்வளவுதான்.

கட்டு தப்பியது என்னால் அல்ல. அங்கே நின்ற ஒரு வயதான கமக்காரர் நான் கட்டளையிட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் கட்டின் ஓரத்தில், இயற்கையான கெட்டித்தரையில், வானை, அதாவது மிஞ்சின தண்ணீர் வெளியேறுகிற வழியை, மண்வெட்டியால் இரண்டடி அகலமாக்கிக்கொண்டிருந்தார். குளத்து மட்டம் ஒரு சாண் இறங்கியதும் சரிவு நின்றுவிட்டது. என்னை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “ரோச்சை நேரே பிடியும் தம்பி” என்றார். விடியும் வரை அவருக்கு ரோச் பிடித்தேன்.

சரியான வைத்தியம் இது. கலங்கின ஊற்று வந்தால் அதன் வாயை அடைக்காதீர்கள். சுற்றிவர மண்மூட்டைகளை வட்டமாக, கிணற்றுக் கட்டுப்போல அடுக்குங்கள். அந்த வட்டத்துக்குள் தண்ணீர் மேலேறட்டும். ஏற ஏற உள்ளிருந்து வருகிற வேகம் குறையும். வட்டத்துக்குள் முதலில் பருமணல், அதன்மேல் சல்லி போடுங்கள். தண்ணீர் போகலாம், மண் போகக்கூடாது. அதே நேரம் இன்னொரு ஆள் போய்க் குளத்து மட்டத்தைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். பொலித்தீன் விரிப்பதென்றால் உள்பக்கம், தண்ணீர் நிற்கிற பக்கம். வெளிப்பக்கத்தில் பொலித்தீன் விரித்து நோயை மூடிவைத்த இடங்களையும் கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் இரவு இரண்டு மணிக்கான கை மருந்து. உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கட்டின் இரண்டு சரிவையும் செருக்கிப் புல்லை ஒட்ட வெட்டுங்கள். ஒரு நீளத் தடியோடு அடிப்பக்கமாக நடவுங்கள். தடி இறங்குகிற இடமெல்லாம் வயல் எலி, அகழான், நண்டு என்று யாரோ குடியிருக்கிறார்கள். வளையின் மறுவாய் எங்கே என்று தெரியாவிட்டால் சுண்ணாம்பு கரைத்து ஊற்றுங்கள். எங்கே வெள்ளையாக வருகிறதோ அங்கே மறுவாய். வளையை முடிவு வரை வெட்டித் திறந்து, ஈரமண் போட்டு, அரையடிக்கு அரையடி இடித்து நிரப்புங்கள். வாயில் மட்டும் ஒரு கூடை மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுப் போனால் அது எலிக்குக் கதவு போட்டுக் கொடுத்த மாதிரி.

ஆறடிதானே என்று நினைக்க வேண்டாம். ஆறடி ஆழத்துத் தண்ணீர் அடியில் ஒவ்வொரு சதுர அடியையும் 374 இறாத்தல் பாரத்தால் தள்ளுகிறது. மூன்றரைச் சீமெந்துப் பை என்று வையுங்கள். குளம் அகலமா ஒடுக்கமா என்பதில் இந்தக் கணக்கு மாறாது, ஆழம் ஒன்றுதான் கணக்கு.

கே: கோடையில் எங்கள் கிணறுகள் அடியோடு வற்றுகின்றன, சிலது உவர்க்கிறது. தரவையில் (புல் முளைத்த தாழ்நிலம்) உள்ள வெள்ளத் தடுப்புக் கட்டின் வானில் மண்மூட்டை அடுக்கி இரண்டடி தண்ணீரை ஐப்பசியிலேயே பிடித்து வைக்கலாம் என்று ஊரில் தீர்மானித்திருக்கிறோம். நல்ல காரியம்தானே? (வலிகாமம் வாசகர்)

ப: நோக்கம் நல்லது, காலம் பிழை. கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். இந்தப் பகுதியில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டென்றால் அது இதுதான்.

பாசனக் குளத்தின் வேலை நிறைந்திருப்பது. வெள்ளத்துக்குக் கட்டின கட்டின் வேலை வெறுமையாக இருப்பது. இரண்டும் வெளியில் பார்க்க ஒரே மண்தான், ஒரே அறுகம்புல்தான், அதனால் ஆட்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. வெறும் கட்டைக் கண்டால் நம் சனத்துக்கு வயிறு எரிகிறது. வற்றாத ஆறில்லாத ஊரில் பிறந்தவர்கள், துளித் தண்ணீரையும் விடமாட்டோம். அந்தக் குணத்தால்தான் நிலத்துக்குக் கீழே இருப்பதை நம்பி இவ்வளவு காலம் தோட்டம் செய்திருக்கிறோம்.

கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 404,700 லீற்றர். 5,000 லீற்றர் பௌசரில் 81 தடவை. உங்கள் தரவைக்குத் தண்ணீர் வந்து சேருகிற நிலம் 100 ஏக்கர் என்று வைத்தால் 4 கோடி லீற்றரைத் தாண்டும். ஐப்பசியில் வறண்ட மண் இதில் பெரும்பங்கைக் குடித்துவிடும். கார்த்திகைக் கடைசியில் மண் வயிறு நிறைந்து கிடக்கும், அப்போது பாதியாவது ஓடி வரும். ஆகக் குறைந்தது 2 கோடி. உங்கள் கட்டுக்குள் 5 ஏக்கரில் சராசரி ஒரு மீற்றர் ஆழம் தண்ணீர் நிற்குமென்றால் அது பிடிப்பதும் 2 கோடிதான். வெறுமையாக இருந்தால் ஊர் தப்பும். நீங்கள் இரண்டடியை முன்கூட்டியே பிடித்து வைத்தால் 1 கோடி 20 லட்சம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மிச்சம் 80 லட்சத்துக்குத்தான் இடம். மீதி எங்கே போகும்? வானை வேறு மூட்டையால் அடைத்துவிட்டீர்கள். கட்டின் மேலால் போகும். மேலால் போனால் என்ன நடக்கும் என்று சண்டிலிப்பாய் அன்பருக்குச் சொல்லிவிட்டேன்.

2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாடு எப்படிக் கிடந்தது என்று முப்பது வயதைத் தாண்டின எவருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்போது இரவில் ஊரடங்கு. கட்டைப் போய்ப் பார்க்கவும் முடியாது, வானில் அடைத்ததை எடுத்துவிடவும் முடியாது. வீட்டுக்குள் கட்டிலின்மேல் குந்தியிருந்து, தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று சத்தத்தை வைத்துக் கணக்குப் பார்த்தோம்.

அப்படியென்றால் கிணறு வற்றட்டுமா? இல்லை. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, மாரியின் உச்சம் கழியும் வரை வானைத் தொடாமல் விடுங்கள். மார்கழிக் கடைசியில், மேகமும் மண்ணும் பார்த்து, பலகை போட்டு மறியுங்கள். மூட்டை வேண்டாம். பலகையை அவசரத்துக்கு ஒருவர் தனியே கழற்றலாம், நனைந்த மூட்டையை நாலு பேர் சேர்ந்தும் இழுக்க முடியாது. தையில் மழை ஏமாற்றினால் அந்த வருடம் குளம் அரைகுறைதான். அதை ஒளிக்காமல் ஊருக்கு முதலே சொல்லிவிடுங்கள், பிறகு உங்களைத்தான் ஏசுவார்கள்.

இரண்டாவது, வெளியேறும் மட்டத்துக்குக் கீழே ஆழப்படுத்துவது. அங்கே நிற்கிற தண்ணீர் வெள்ளத்தின் இடத்தைப் பிடிக்காது, மெல்லக் கீழிறங்கிக் கிணற்றுக்கும் உதவும். ஆனால் மண் வெட்டுகிற பெக்கோ மெசின்காரரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நமக்குக் கீழே சுண்ணக்கல். குளத்தின் அடியில் காலாகாலமாகப் படிந்த களிதான் தண்ணீரைத் தாங்குகிறது. பெக்கோ வாளி அந்தக் களியைத் தாண்டி வெள்ளைக் கல்லில் முட்டினால், ஒன்றில் குளம் மார்கழியிலேயே வற்றும், அல்லது கடலுக்குக் கிட்டின இடமென்றால் உவர் மேலே வரும். நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிற நாடு இது. முதலில் அலவாங்கால் நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்துக் களி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, பிறகு மெசினுக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

தொண்டைமானாற்றில் கடல்நீர் ஏறாமல் மறிக்கிற தடுப்பணையின் கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று வருடாவருடம் வருகிற வாக்குவாதமும் இதே கணக்குத்தான், பெரிய எழுத்தில். முந்தித் திறந்தால் நன்னீர் கடலுக்கு, பிந்தித் திறந்தால் வெள்ளம் வயலுக்கு. வழுக்கையாறு அராலியில் கடலைத் தொடும் இடத்திலும் அப்படித்தான்.

கே: மகன் அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில் வேலை செய்கிறான். போன கோடையில் அவனிடம் போயிருந்தபோது புல் முளைத்த ஒரு சின்ன மண்ணணையைக் கண்டேன். ஊரில் குளக்கட்டில் நிற்கிற மாதிரியே இருந்தது. ஆனால் தண்ணீர் அடியில் கொஞ்சம்தான். நடுவில் கொங்கிறீற் பெட்டி மாதிரி ஒன்று நிற்கிறது. பாழாய்ப் போன குளமா? (ஸ்காபரோ வாசகி)

ப: பாழாய்ப் போகவில்லை தங்கச்சி, வேலை செய்துகொண்டிருக்கிறது. மேலே வலிகாமம் அன்பருக்கு நான் மூச்சுப்பிடித்து விளக்கினதை நீங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

1930களில் அந்தப் பக்கம் புழுதிப் புயலால் அழிந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண் போன இடத்தில் மழை பெய்தால் வெள்ளம். 1944இல் ஒரு சட்டம், 1954இல் இன்னொரு சட்டம். கீழே பெரிய ஆற்றில் ஒரு பெரிய அணை கட்டுவதோடு நிற்காமல், மேலே சிற்றோடைகளில் விவசாயிகளின் நிலத்திலேயே சின்னச் சின்ன மண்ணணை கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். முதலாவது 1948இல் ஒக்லஹோமாவின் கோர்டெல் ஊருக்குப் பக்கத்தில், வாஷிட்டா ஆற்றுக்குப் போகும் கிளவுட் கிறீக் என்ற ஓடையில் முடிந்தது. இப்போது நாடு முழுவதும் 11,000க்கு மேல் இருக்கின்றன, ஒக்லஹோமாவில் மட்டும் 2,100 வரை.

நீங்கள் கண்ட பெட்டி அதன் தொண்டை. அடியில் நிற்கிற கொஞ்சத் தண்ணீர், வண்டல் படிவதற்கென்று ஒதுக்கிய இடம். அதன் மட்டத்தில் பெட்டியின் வாய் திறந்திருக்கும். மழை வந்தால் தண்ணீர் மேலேறும், பெட்டிக்குள் விழும், அணையின் அடியால் போகிற குழாய் வழியே அளவோடு வெளியேறும். ஓடை தாங்குகிற அளவுதான் குழாயின் வாய். சில நாளில் பழைய மட்டத்துக்கு இறங்கி, அடுத்த மழைக்கு இடம் விட்டு நிற்கும். ஒருவரும் வந்து கதவு திறக்க வேண்டியதில்லை, நித்திரை முழிக்க வேண்டியதில்லை, ஊரடங்கானாலும் அது தன் வேலையைச் செய்யும். அதையும் மீறிப் பெரிய வெள்ளம் வந்தால், அணையின் ஓரமாகக் கெட்டித்தரையில் வெட்டிப் புல் வளர்த்த அகலமான ஒரு பள்ளம் இருக்கும், அதால் போகும். நமது வான்தான் அது. அடுத்த முறை போனால் பாருங்கள், புல்வெளி என்று நினைத்து நீங்கள் படம் எடுத்த இடமாகவும் இருக்கலாம்.

அங்கேயும் தலையிடி இல்லாமல் இல்லை. அனேகமானவற்றை 50 வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள், அந்த 50 பலவற்றுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. கட்டும்போது அணைக்குக் கீழே வெறும் புல்லும் மாடும். இப்போது சில இடங்களில் வீடுகள் வந்துவிட்டன. வயலைக் காக்கக் கட்டின அணை திடீரென்று மனிதரைக் காக்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு இன்னும் உறுதியும் பெரிய வானும் வேண்டும். நம்மூரிலும் குளக்கட்டுக்குக் கீழே காணி மலிவு என்று அத்திவாரம் வெட்டுகிறவர்களைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வரும். மகனுடைய வீடு அணைக்குக் கீழேயா மேலேயா என்று கேட்டுப் பாருங்கள்.

கே: பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து குளக்கட்டில் பனம் விதை நாட்ட இருக்கிறோம். வேர் மண்ணைப் பிடிக்கும் என்கிறார்கள். நீங்கள் மரத்துக்கு எதிரி என்று கேள்விப்பட்டேன். (வடமராட்சி ஆசிரியை)

ப: என்னை இப்படி ஆக்கிவிட்டார்கள்! எங்கள் வளவில் பதினாலு பனை நிற்கிறது ரீச்சர்.

வேம்பு, ஆல், இப்பிலிப்பில் மாதிரி மரங்களைக் கட்டில் வளரவிடவே கூடாது. உயிரோடிருக்கும்போது பரவாயில்லைப் போல இருக்கும். பட்டுப்போன பிறகு தடித்த வேர் உள்ளே உக்கி, கட்டுக்கு நடுவே நீங்கள் குழாய் புதைத்த மாதிரி ஒரு வழி விட்டுவிடும். பெருங்காற்றில் அடியோடு சாய்ந்தால் கட்டின் ஒரு துண்டையும் பிடுங்கிக்கொண்டு போகும். பனைக்குத் தடித்த ஆணிவேர் இல்லை. நார் நாராக ஓடும், சாய்வதும் அரிது. தமிழ்நாட்டில் ஏரிக்கரையில் பனை நாட்டுவது பழைய வழக்கம். ஆனால் அவை அகலமான பெருங்கரைகள். நம்முடைய ஆறடிக் கட்டின் முதுகு அகலம் நாலடிகூட வராது. ஆகவே முதுகிலும் இரண்டு சரிவிலும் வேண்டாம். வெளியடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வரிசையாக நாட்டுங்கள். கட்டை யாரும் வெட்டி எடுத்துக் காணியோடு சேர்க்காமல் எல்லையாகவும் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, சிரிக்காதீர்கள். முளைத்த விதையில் கிழங்கு விடும். தை, மாசியில் அதைக் கிண்டி எடுக்க முதலில் வருவது நட்ட அதே பிள்ளைகள்தான். கட்டு முழுவதும் முழங்கையளவுக் கிடங்கு. ஒரு ஊரில் எலி வளை என்று நான் எழுதிவைத்த அறிக்கையைப் பிறகு திருத்த வேண்டி வந்தது.

கட்டின் மேல் அறுகம்புல் போதும். பத்தை பத்தையாக வெட்டி வந்து பதித்து ஒரு மாதம் தண்ணீர் விடுங்கள். ஐப்பசிக்கு முன் பிடித்துவிட வேண்டும்.

கே: கட்டு முழுவதையும் சீமெந்தால் பூசிவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் ஒரேயடியாகத் தீருமே? (கொடிகாமம் வாசகர்)

ப: தீராது, ஒளியும். மண் இறங்கும், சீமெந்து இறங்காது. இரண்டுக்கும் நடுவில் வெளி விழும், மேலே தட்டினால் குடம் தட்டின மாதிரிச் சத்தம் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரியாது. அலை அடிக்கிற உள்சரிவில் கல் அடுக்குங்கள், அது மண்ணோடு சேர்ந்து இறங்கும். மிஞ்சின சீமெந்துக்கு வானின் தரையையும் இரு பக்கச் சுவரையும் ஒழுங்காகக் கட்டுங்கள்.

கே: கட்டின் மேலால் கிறவல் போட்டு உழவு இயந்திரம் போக வழி எடுத்தால் இரண்டு கிலோமீற்றர் மிச்சம். பிரதேச சபையில் கேட்கலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

ப: கேட்கலாம். நான் சபையில் இருந்தால் இல்லை என்பேன். சின்னக் கட்டில் சக்கரம் ஓடினால் இரண்டு தடம் விழும். தடத்தில் மழை தேங்கும், தேங்கினது பதிந்த ஒரு இடத்தால் வழிந்து வாய்க்கால் போடும். அந்தப் பதிந்த இடம்தான் பெருவெள்ளத்தில் முதலில் வழிகிற இடம்.

கந்தளாய்க் குளம் நினைவிருக்கிறதா? 1986 ஏப்ரல் 20, வருடப்பிறப்பு முடிந்து ஒரு வாரம். விடியப்புறம் எல்லோரும் நித்திரையில் இருக்கக் கட்டு உடைந்தது. 120க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். நூற்றாண்டுகள் நின்ற மண்கட்டு, மழைகூட இல்லாத காலம். ஏன் உடைந்தது என்று பல காரணம் பேசப்பட்டது, பாரவாகனங்கள் கட்டின் மேலால் போனதும் அதில் ஒன்று. உங்கள் கட்டு கந்தளாயில்லைத்தான். ஆனால் இரண்டு கிலோமீற்றருக்காக நான் அந்தச் சோதனை செய்து பார்க்க மாட்டேன்.

கே: போன வருடம் இரவோடிரவாக யாரோ எங்கள் கட்டை வெட்டிவிட்டார்கள். மேற்பக்கத்து ஆட்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பொலிஸில் முறையிட்டும் பலனில்லை. இந்த வருடம் காவல் போடுகிறோம். வேறு என்ன செய்யலாம்? (தென்மராட்சி வாசகர்)

ப: காவல் போடுவதற்கு முதல் மேற்பக்கத்து வீடொன்றுக்குப் போய் முற்றத்தில் நின்று பாருங்கள். கட்டு நிறைந்தால் தண்ணீர் அவர்களுடைய குசினிக்குள் எவ்வளவு ஏறுகிறது என்று சுவரில் கறை சொல்லும். நான் அவர்கள் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை. கட்டை நடுவில் வெட்டினால் அரை மணியில் இரண்டடி வெட்டு இருபதடி ஆகும், கீழே நித்திரையில் இருப்பவர்களுக்கு அது கொலை முயற்சி. ஆனால் மண்வெட்டியோடு மழைக்குள் இறங்குகிற ஆளுக்கும் ஒரு வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது.

இப்படியொரு சண்டையில் நான் ஒருமுறை நடுவில் மாட்டினேன். இரண்டு பகுதியும் பேசவில்லை, ஒரே கோயிலில் வேறு வேறு நாள் பூசை. கேணிப் படியில் வைத்து ஒரு வழி கண்டோம். கேணியும் குளமும் ஒரே மட்டத்தில் ஏறி இறங்கும். மூன்றாம் படி தெரியாமல் போனால் மேற்பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும் என்பது இரு பகுதிக்கும் தெரிந்த விசயம். வானின் தரையை மட்டக்கருவி வைத்துப் பார்த்து மூன்றாம் படிக்கு நாலு அங்குலம் கீழே கொங்கிறீற்றில் இறுக்கிவிட்டோம். அதற்கு மேல் தண்ணீரை ஒருவராலும் பிடிக்கவும் முடியாது, அதற்குக் கீழே இறக்க ஒருவருக்கும் காரணமும் இல்லை. வானால் போகிற தண்ணீருக்குக் கீழே வாய்க்கால் துப்புரவாக்குவது கீழ்ப்பக்கத்தார் பொறுப்பு, கூலிக்கு மேற்பக்கத்தாரும் காசு போட்டார்கள். பூசை மட்டும் இன்னும் வேறு வேறு நாள்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: 200 ஏக்கருக்கு உட்பட்ட வயல்களுக்கான சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பார்வையில் வருகின்றன. உங்கள் கமக்கார அமைப்பின் கூட்டத்தைக் கமநல சேவை நிலையத்தில், இரு பகுதியையும் கூப்பிட்டு, மழைக்கு முதல் வையுங்கள். கிராம அலுவலரும் இருக்கட்டும். கூட்டக் குறிப்பில் மட்டத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கார்த்திகையில் கூட்டம் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள், வந்தாலும் தடியோடுதான் வருவார்கள்.

கே: வெள்ளம் வடிந்ததும் குளத்துத் தண்ணீரை வெளியே விடுகிற துருசை முழுக்கத் திறந்துவிட்டோம். இரண்டாம் நாள் உள்பக்கச் சரிவு பாளமாக வழுகி விழுந்துவிட்டது. வெள்ளத்தில் நின்ற கட்டு வடியும்போது ஏன் விழ வேண்டும்? (மானிப்பாய் வாசகர்)

ப: அவசரப்பட்டுவிட்டீர்கள். நிறைந்திருந்தபோது குளத்துத் தண்ணீரே அந்தச் சரிவைக் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தது. குளம் ஒரே நாளில் இறங்கிவிட்டது, ஆனால் கட்டுக்குள் ஊறின தண்ணீர் அவ்வளவு கெதியாக வெளியே வராது. ஊறிப் பாரமான மண், முன்னால் தாங்க ஒன்றும் இல்லை. வழுகாமல் என்ன செய்யும்? களி கூடின கட்டென்றால் இன்னும் மோசம். நாளுக்கு ஒரு சாண், இரண்டு சாண் என்று இறக்குங்கள். விழுந்த இடத்தில் இப்போது மேலே மண்ணைக் கொட்டினால் புதுமண்ணும் அதே வழியில் வழுகும். வழுகின மண்ணை முழுக்க வெட்டி எடுத்து, உள்ளே படி படியாக வெட்டி, அந்தப் படியில் புதுமண்ணைக் கடித்துப் பிடிக்கிற மாதிரி இடித்து ஏற்றுங்கள்.

கே: பிள்ளைகள் வான் பாயும்போது குளிக்கப் போகிறார்கள். பாதுகாப்பான இடம் எது? (கைதடி அம்மா ஒருவர்)

ப: இல்லை. துருசு, மதகு, குழாய் வாய், வான் இந்த நாலுக்கும் பக்கத்தில் ஒரு இடமும் இல்லை அம்மா. மேலே தண்ணீர் அமைதியாக இருக்கும், அடியில் குழாய் இழுக்கும். நல்லாய் நீந்தத் தெரிந்த பெரியவர்களையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

கே: போன இதழில் மண்ணை அரையடிப் படையாகப் போட்டு இடிக்கச் சொன்னீர்கள். எங்கள் கொந்தராத்துக்காரர் ஒன்றரை அடி போட்டு ரோலர் விட்டால் போதும் என்கிறார். ஈரம் எவ்வளவு என்றும் நீங்கள் சொல்லவில்லை. (அளவெட்டி வாசகர்)

ப: ஈரத்தைச் சொல்லாதது என் பிழை. ஒரு கைபிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பொத்துங்கள். கையைத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். இடுப்பளவு உயரத்திலிருந்து கெட்டித்தரையில் விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாகச் சிதறினால் தண்ணீர் தெளித்து ஒரு இரவு விடுங்கள். சப்பையாக ஒட்டிக்கொண்டால் வெயிலில் கிளறிக் காயவிடுங்கள். உள்ளங்கையில் பளபளவென்று ஈரம் ஒட்டினாலும் கூடிப்போச்சு. நம்முடைய செம்மண்ணை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள், தண்ணீரை நன்றாக விடுகிற மண் அது. உள்பக்கத்துக்குக் குளத்துக் களி கலவுங்கள்.

ஒன்றரை அடி போட்டால் ரோலர் மேல் அரையடியைத்தான் இறுக்கும், கீழே ஒரு அடி பஞ்சு. கொந்தராத்துக்காரர் நம்பமாட்டார். அவர் ரோலர் விட்டு முடிந்ததும் அவருக்கு முன்னாலேயே அலவாங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்துங்கள். முதல் அரையடிக்குக் கை நோகும். அதற்குப் பிறகு சொல்லாமல் இறங்கினால், காசு கொடுக்க முதல் முழுப் படையையும் கிளறிவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.